விருது வாங்கிய பிறகு எங்கள் குறும்படத்துக்கு நடந்தவை

குறும்படம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தக் கேமரா, எந்த லென்ஸ், முதல் நிமிடத்துக்குள் கதை எங்கே திரும்ப வேண்டும், எல்லாம் கேட்டால் கிடைக்கும். எடுத்து முடித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஒன்றிரண்டு வருஷம் என்ன பாடு படவேண்டியிருக்கும் என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுடையது விருது வாங்கிய படம். விழாவில் ஜெயித்த படங்களின் போஸ்டரில் போடுவார்களே, அந்த இலை வளையம், அது எங்கள் போஸ்டரில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "உங்களுக்கென்ன சார், ஜெயிச்சிட்டீங்க" என்கிறவர்களுக்கு எங்கிருந்து பதில் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பா மகள், அம்மா மகன் என்று கதை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குழந்தை நடிக்கும் படத்துக்கென்றே சில தனித் தொல்லைகள் உண்டு.

கதை சின்னது. வேலைக்காக விடிந்ததும் தூர தேசம் கிளம்பவேண்டிய ஓர் அப்பா, அதைத் தன் ஏழு வயது மகளிடம் சொல்ல வேண்டும். இரவு முழுக்கச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலேயே தள்ளிப்போடுகிறார். ஒரே வீடு, இரண்டே பேர், 17 நிமிடம். எழுதும்போது இது செலவு குறைந்த படம் என்று சந்தோஷப்பட்டோம். படப்பிடிப்பு முடிகிறவரைக்கும் அது உண்மைதான். கடைசியில் கணக்குப் பார்த்தபோது, படம் எடுக்க ஆன செலவைவிட, எடுத்த படத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த செலவு அதிகமாக இருந்தது. அதில் பெரும்பகுதி என் சேமிப்பு, மிச்சம் நண்பர்களிடம் வாங்கிய கடன்.

முதலில் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளை வைத்துப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், நல்லது வந்தால் முதல் சில டேக்குக்குள் வந்துவிடும். அதற்கப்புறம் அவர்கள் நடிப்பதில்லை, நாம் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள். அதனால் ஒத்திகை என்று சொல்லியே கேமராவை ஓடவிட்டோம். ஒரு காட்சியில் அப்பா பொறுமை இழந்து கத்துவார். முதல் தடவை எடுத்து முடித்ததும் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்து, "அந்த அங்கிள் நிஜமாவே என் மேல கோவமா இருக்காங்களா?" என்று கேட்டாள். நடித்தவர் தரையில் உட்கார்ந்து அவளோடு விளையாடிய பிறகுதான் முகம் தெளிந்தது. அதற்கப்புறம் கத்துகிற குளோசப்பை அவள் இல்லாமலே எடுத்தோம். அவள் கண் இருக்கவேண்டிய உயரத்தில் ஒரு லைட் ஸ்டாண்டில் பச்சை டேப் ஒட்டினோம். அவர் அதைப் பார்த்துக் கத்தினார். அவள் முகத்தை எடுக்கும்போது அவளுடைய அம்மா கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அதே வசனத்தைச் சாதாரணக் குரலில் சொன்னார். வெட்டி ஒட்டியபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குழந்தையை நிஜமாகவே அழவைத்து எடுத்தேன் என்று மேடையில் பெருமையடிக்கும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை, எடிட்டிங் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

பல நாடுகளில் குழந்தைகள் நடிப்பதற்குச் சட்டம் இருக்கும், நாட்டுக்கு நாடு மாறும். உதாரணத்துக்கு இந்தியாவில் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, மாவட்ட அதிகாரியின் அனுமதி வேண்டும், குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவர்கள் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். "குறும்படம்தானே, சம்பளமா கொடுக்கிறோம்" என்று இதையெல்லாம் தட்டிக்கழிக்கச் சொல்பவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். படத்தை வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது இந்தத் தாள்களைத்தான்.

இனி அந்தப் பாட்டு. படம் முடிவதற்குச் சற்று முன், மகள் தூங்குவதற்குள் சொல்லிவிடலாம் என்று அப்பா பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுப்பார். திரைக்கதையில் இருந்தது அவ்வளவுதான். நடித்தவர் தட்டிக்கொடுத்தபடியே, தன்னையறியாமல் ஒரு பழைய சினிமாப் பாட்டை ஹம் பண்ண ஆரம்பித்தார். வார்த்தை கிடையாது, வாய்கூடத் திறக்கவில்லை. அவள் அரைத்தூக்கத்தில், "நாளைக்கும் இதையே பாடுவியாப்பா?" என்றாள். அதுவும் திரைக்கதையில் இல்லாதது. அவர் பதில் சொல்லாமல் ஹம்மிங்கைத் தொடர்ந்தார். கட் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் பார்த்த அத்தனை பேரும் அந்த இடத்தைத்தான் பேசினார்கள். அரை நிமிடம்கூட இல்லாத அந்த ஹம்மிங் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

படம் முடிந்ததும் எல்லோரையும் போல நானும் விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே இணையதளத்தில் கணக்கு ஆரம்பித்தேன். திறந்தால் ஆயிரக்கணக்கில் திரைப்பட விழாக்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் கெடு, வழக்கமான கெடு, தாமதக் கெடு என்று வரிசையாக இருக்கும். கெடு தள்ளத் தள்ளக் கட்டணம் ஏறும். இரவில் உட்கார்ந்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். சில வாரத்திலேயே வாழ்த்து மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. சிறந்த குறும்படம், சிறந்த நாடகக் குறும்படம், சிறந்த குழந்தை நட்சத்திரம். வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். குழந்தையின் அம்மாவிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் கைதட்டும் சத்தம் கேட்டது. பிறகுதான் மின்னஞ்சலின் அடுத்த பத்தியைப் படித்தேன். கோப்பை வேண்டுமானால் அதற்குத் தனிப் பணம், சான்றிதழ் அச்சிட்டு வேண்டுமானால் அதற்குத் தனி, கூரியர் தனி. எங்கே திரையிட்டீர்கள், யார் பார்த்தார்கள் என்று பதில் எழுதினால் மௌனம். தேடிப் பார்த்தால் அது மாதாமாதம் நடக்கும் "விழா". பிரிவுகள் மட்டும் நூற்றுக்கு மேல். அனுப்பிய எல்லோரும் ஏதோ ஒன்றில் ஜெயித்திருந்தார்கள்.

சினிமா தெரிந்தவர்களிடம் அந்த விருதுகளுக்கு மதிப்பில்லை, மதிப்பில்லை என்பதைக்கூட யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம் போஸ்டரைக் காட்டியபோது, "இத்தனை வளையம் எதுக்கு? ஒண்ணு ரெண்டு நல்லதா இருந்தா போதும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. இப்போது ஒரு விழாவுக்குப் பணம் கட்டும் முன் நான் பார்ப்பவை இவை: போன வருஷ நிகழ்ச்சி நிரல் நாள், நேரம், தியேட்டர் பெயரோடு இருக்கிறதா, அங்கே மனிதர்கள் உட்கார்ந்து படம் பார்த்த புகைப்படம் இருக்கிறதா, நடுவர்கள் யார் என்று பெயர் போட்டிருக்கிறார்களா, அந்தப் பெயர்களுக்கு வேறு எங்காவது வேலை இருக்கிறதா, வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கிறதா. இதைவிட எளிய வழி, போன வருஷம் அங்கே திரையிட்ட ஒரு இயக்குநரைக் கண்டுபிடித்து நேரே கேட்பது. குறும்படக்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்ப நல்லவர்கள், கேட்டால் கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

பெரிய விழாக்களுக்கும் அனுப்பினேன், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவுக்கு 2025-ல் வந்த குறும்படங்கள் 11,153. தேர்வானவை 57. இருநூறில் ஒன்று. அந்த வரிசையில் அப்பா மகள் கதை எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தூங்குகிற குழந்தை, பெட்டி கட்டுகிற பெரியவர், ஜன்னல். நிராகரித்த கடிதத்தை வைத்து உங்கள் படத்தை எடைபோடாதீர்கள். அதற்காக இருபது பெரிய விழாவுக்குக் கட்டணம் கட்டிக்கொண்டும் இருக்காதீர்கள். பட்ஜெட்டில் விழாக் கட்டணத்துக்கென்று ஒரு தொகையை முதலிலேயே எழுதி, அது தீர்ந்தால் நிறுத்திவிட வேண்டும். கட்டண விலக்கு கேட்டு இரண்டு வரி மரியாதையாக எழுதினால் சில விழாக்கள் தருகின்றன என்பது எனக்கு மிகத் தாமதமாகத் தெரிந்தது. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

படத்தின் நீளம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் படம் 17 நிமிடம். பிரான்ஸின் கேன் விழாவின் குறும்படப் போட்டிக்கு உச்சவரம்பு 15 நிமிடம், டைட்டிலும் சேர்த்து. வெனிஸில் 20, பெர்லினில் 30. ஆஸ்கர் கணக்கில் 40 நிமிடம் வரை குறும்படம்தான். இனி மாற்றமில்லை என்று எடிட்டர் லாக் செய்த பிறகு இதைப் படித்துவிட்டு, ஏற்கனவே சம்பளம் வாங்கிக்கொண்டு போனவரை மறுபடி கூப்பிட்டு இரண்டு நிமிடத்தை எங்கே எடுப்பது என்று கேட்டால் அவர் முகம் எப்படி இருக்கும்? கடைசியில் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் போகவேண்டியது அந்தத் தட்டிக்கொடுக்கும் காட்சியின் நிதானம். கேனுக்காக அதைக் கொடுக்க முடியாது. தவிர, எங்கள் படத்தின் கடைசி டைட்டில் மட்டும் ஒன்றரை நிமிடம் ஓடியது. நன்றி சொல்ல வேண்டியவர்கள் அத்தனை பேர். எழுதும்போதே எந்த விழாவுக்கு என்று யோசித்து, டைட்டிலையும் சேர்த்து நீளத்தைக் கணக்குப் பண்ணுங்கள்.

எனக்கு நிஜமாகவே வலித்தது அடுத்து நடந்ததுதான். ஓரளவு பெயருள்ள, தியேட்டரில் திரையிடுகிற ஒரு விழாவில் படம் தேர்வானது. பார்வையாளர் விருதுக்கு ஆன்லைன் வாக்கெடுப்பு என்றார்கள். சரி என்றேன். ஒரு நாள் காலையில் நண்பன் "படம் சூப்பர்டா" என்று லிங்க் அனுப்புகிறான். பார்த்தால் முழுப்படமும் அவர்களுடைய யூடியூப் சேனலில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி. எடுக்கச் சொல்லி எழுதினேன். விதிமுறையில் இருக்கிறதே என்றார்கள். இருந்தது, நீளமான பட்டியலின் நடுவில், "விளம்பரத்துக்காகவும் வாக்கெடுப்புக்காகவும் வெளியிடும் உரிமை" என்று ஒரு வரி. அவர்கள் அதை எடுப்பதற்குள் கெடுதல் நடந்து முடிந்துவிட்டது. பெரிய விழாக்கள் பலவற்றுக்குப் படம் முதன்முதலாக அங்கேதான் திரையேற வேண்டும். வெனிஸ் போன்றவை உலகிலேயே முதல் திரையிடலைக் கேட்பார்கள். ஆஸ்கருக்கு, பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு விழாவில் தகுதியான விருது வாங்குவது ஒரு வழி, குறித்த நகரங்களில் ஒன்றில் 7 நாள் தியேட்டரில் டிக்கெட் போட்டு ஓட்டுவது இன்னொரு வழி. எப்படிப் போனாலும், அதற்கு முன்பே இணையத்தில் பொதுவில் வெளியான படம் வாசலிலேயே நின்றுவிடும். எங்கள் படம் ஆஸ்கர் போயிருக்கும் என்று சொல்லவரவில்லை. போகுமா போகாதா என்று தெரியும் முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள், அந்தக் கோபம்தான்.

அதனால் விதிமுறையைப் படிக்கும்போது திரையிடல், ஒளிபரப்பு, விளம்பரம், வாக்கெடுப்பு ஆகிய இடங்களில் விரலை வைத்துப் படியுங்கள். பார்வையிட அனுப்பும் லிங்க் எப்போதும் பாஸ்வேர்டோடு இருக்கட்டும், விழாவுக்கு ஒரு பாஸ்வேர்டு. நடித்தவர்களுக்கும் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் படத்தைக் கொடுக்கும்போது, எங்கேயும் முழுசாக ஏற்றிவிடாதீர்கள் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஆசையில் போட்டுவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எல்லா நல்ல விழாவும் முதல் திரையிடலைக் கேட்பதில்லை என்பதும் உண்மை. குறும்படத்துக்கென்றே இருக்கும் விழாக்களில் பெரியதான, பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரானில் வேறு விழாவில் ஓடிய படங்களையும் பார்க்கலாம். அங்கே 1986 முதல் குறும்படச் சந்தை ஒன்றும் நடக்கிறது. வாங்க நினைக்கும் தொலைக்காட்சிக்காரர்களும் விநியோகஸ்தர்களும் வருவார்கள். எந்தெந்த விழாவுக்கு எந்த வரிசையில் அனுப்புவது என்பதை ஒரு தாளில் எழுதி, மேலே உள்ளது இல்லையென்றான பிறகு கீழே இறங்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் அனுப்பினேன், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

அதற்கப்புறம் நல்ல செய்தி ஒன்று வந்தது. முதல் திரையிடல் கேட்காத, நல்ல பெயருள்ள ஒரு விழாவில் படம் போட்டிப் பிரிவுக்குத் தேர்வானது. அவர்கள் டிசிபி கேட்டார்கள். தியேட்டர் புரொஜெக்டரில் ஓட்டும் கோப்பு அது. எம்பி4 அனுப்பினால் ஆகாது. நாங்கள் விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்திருந்தோம். டிசிபி செய்த ஸ்டுடியோ அதை 24 ஆக மாற்றிக் கொடுத்தது. நூற்றுக்கு நான்கு பங்கு மெதுவாகிவிடும். 17 நிமிடப் படத்தில் ஏறக்குறைய முக்கால் நிமிடம் கூடும், குரலின் சுருதியைச் சரிசெய்யாவிட்டால் எல்லோருக்கும் தொண்டை கட்டியது போலக் கேட்கும். ஏழு வயதுப் பெண்ணின் குரல் பத்து வயதுக்காரியின் குரலாகத் தெரிந்தது. தியேட்டரில் போட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால் நடுவர்கள் அதைத்தான் கேட்டிருப்பார்கள். இன்னொன்று, எங்கள் ஒலிக்கலவை ஸ்டீரியோ. ஹெட்போனில் அருமையாக இருந்தது, பெரிய அரங்கில் வசனம் இரண்டு ஓரத்திலும் சிதறி, நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும் ஒழுங்காகக் கேட்டது. வசனத்தை நடு ஸ்பீக்கரில் வைத்து, அரங்கைச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஆக மறுபடி மிக்ஸ் செய்தோம். இரண்டு வேலைக்கும் மறுபடி பணம். திரையிடப்போகும் ஏதாவது ஒரு தியேட்டரில், காலைக் காட்சிக்கு முன் அரை மணி நேரம் கெஞ்சிக் கேட்டாவது போட்டுப் பார்த்துவிடுங்கள். விழாவுக்குக் கொடுக்கும் டிசிபிக்குப் பூட்டுப் போடாதீர்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிக்கோப்பு வராமல் புரொஜெக்டர் அறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஒருவரை அங்கே பார்த்தேன், அவருடைய படம் கடைசிவரை ஓடவே இல்லை.

அங்கேதான் நடுவர் விருது கிடைத்தது. பணம் கிடையாது, ஒரு சான்றிதழ், ஒரு கைகுலுக்கல். அறை கொடுத்திருந்தார்கள், பயணச் செலவு என்னுடையது. குறும்படக்காரர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். படம் முடிந்ததும் வயதான ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். அன்றைக்கு இரவு நான் நன்றாகத் தூங்கினேன், நெடுநாளுக்குப் பிறகு.

அந்த விருதைப் பார்த்துத்தான் ஓர் ஓடிடி தளம் படத்தைக் கேட்டது. கேட்டதும் ஒரு பட்டியல் அனுப்பினார்கள்: கதை யாருடையது, நடித்தவர்கள் ஒப்புதல், குழந்தையின் பெற்றோர் ஒப்புதல், வீட்டு உரிமையாளர் ஒப்புதல், இசை உரிமை. குழந்தைக்காக நாங்கள் வாங்கிய தாளில் "திரைப்பட விழாக்களில் திரையிட" என்றுதான் இருந்தது. மறுபடி கையெழுத்துக் கேட்டுப் போனேன். அவளுடைய அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. "சார், விழாவுல ஓடுறது வேற, எல்லார் போன்லயும் ஓடுறது வேற. போஸ்டரைப் பாத்துட்டு ஸ்கூல்ல அவளை ரொம்ப ஓட்டுறாங்க" என்றார். முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது, இவ்வளவு தூரம் வந்த பிறகா என்று. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயத்துக்குக் குறைவில்லை. படம் இருக்கிறவரை அந்த முகம் ஏழு வயதிலேயே நிற்கும், வளர்ந்து அதைச் சுமக்கப்போவது அவள்தான். தளத்தின் முகப்புப் படத்தில் குழந்தையின் முகம் வரக்கூடாது, முழுப்பெயர் போடக்கூடாது என்று எழுதிக்கொடுத்த பிறகு சம்மதித்தார். இந்தப் பேச்சை முதல் நாளே பேசியிருக்கலாம். இணையம், தொலைக்காட்சி, விளம்பரப் படம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதி, பெற்றோர் படித்துப் பார்க்க நேரம் கொடுத்து வாங்குங்கள்.

கடைசியில் நின்றது அந்த ஹம்மிங். பாட்டைப் பாடவில்லையே, வார்த்தையே இல்லையே, ஹம்தானே பண்ணினார் என்றேன். மெட்டு இருக்கிறதல்லவா என்றார்கள். ஒலிப்பதிவின் உரிமை ஒன்று, மெட்டின் உரிமை வேறொன்று. நாம் சொந்தமாகப் பாடினால் முதலாவது தேவையில்லை, இரண்டாவது கட்டாயம் தேவை. பழைய பாட்டு என்பதால் விட்டுவிட மாட்டார்கள். எழுதியவர், இசையமைத்தவர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டு, இன்னும் பல நாடுகளில் 70 ஆண்டு உரிமை இருக்கும். பிறந்தநாள் கேக் முன்னால் நாம் எல்லோரும் பாடும் "ஹேப்பி பர்த்டே" பாட்டுக்கே அமெரிக்காவில் உரிமை கொண்டாடிய நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் பணம் வாங்கிக்கொண்டிருந்தன. அந்த உரிமை செல்லாது என்று 2015-ல் நீதிபதி சொல்லி, 2016-ல் 1.4 கோடி டாலருக்குச் சமரசமான பிறகுதான் சினிமாக்காரர்கள் பயமில்லாமல் அதைப் பாட முடிந்தது. குழந்தை வரும் படத்தில் பிறந்தநாளும் தாலாட்டும் இல்லாமலா போகும்? யாராவது வாயைத் திறந்தாலும் மூடிக்கொண்டு ஹம் பண்ணினாலும், அது யாருடைய மெட்டு என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கு எழுதினேன். பல மாதம் கழித்து வந்த பதிலில் இருந்த தொகை, மொத்தப் படத்தின் செலவைவிட அதிகம். விழாக்களுக்கு மட்டும் என்றால் குறைவாகத் தருகிறோம் என்றார்கள். எங்களுக்கு விழா முடிந்துவிட்டிருந்தது. சரி, ஹம்மிங்கை மட்டும் மாற்றிவிடலாம், வாய் அசையாததால் உதட்டுப் பொருத்தம் பற்றிக் கவலையில்லை என்று நடிகரைக் கூப்பிட்டு, எங்கள் இசையமைப்பாளர் போட்ட புது மெட்டை ஹம் பண்ண வைத்தோம். சிக்கல் குழந்தையின் வசனத்தில். "நாளைக்கும் இதையே பாடுவியாப்பா" என்பது அந்தப் பழைய ஹம்மிங்கின் மேலேயே பதிவாகியிருந்தது, கம்பில் நீட்டிப் பிடிக்கும் ஒரே பூம் மைக்கில். குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தோம். பிரிந்தது, ஆனால் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. டப்பிங்குக்கு அவளைக் கூட்டி வந்தோம். அதற்குள் முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தன, குரலும் வளர்ந்திருந்தது. மைக் முன்னால் நின்று சமர்த்தாகச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டால் வேறொரு பெண். அன்றைக்கு ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்து, அந்தக் காட்சியையே தூக்கிவிடலாமா என்று நான் கேட்டதை எடிட்டர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

காப்பாற்றியவர் ஒலிப்பதிவாளர். அவருக்கு ஒரு பழக்கம், டேக் முடிந்த பிறகும் ரெக்கார்டரை அணைக்கமாட்டார், எந்தக் கோப்பையும் அழிக்கவும் மாட்டார். பழைய ஹார்டு டிஸ்கைத் தேடி எடுத்து, அன்றைய கோப்புகளை வரிசையாகக் கேட்டார். கட் சொல்லி, நடிகர் எழுந்துபோன பிறகு, அவள் போர்வைக்குள் இருந்தபடியே தான் சொன்னது நன்றாக வந்ததா என்று பார்க்கிற மாதிரி அதே வரியைத் தனியாக ஒருமுறை சொல்லியிருந்தாள். பின்னணியில் யாரோ கேபிள் சுற்றும் சத்தம் மட்டும். அதைச் சுத்தம் செய்து வைத்தோம். இது அதிர்ஷ்டம், எல்லோருக்கும் நடக்காது. ஆகவே குழந்தை எந்த வரியைச் சொன்னாலும், அதே இடத்தில், அதே மைக்கில், சுற்றிலும் அமைதியாக வைத்து ஒருமுறை தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. மூல ஒலிக்கோப்புகளை இரண்டு டிஸ்கில், இரண்டு வெவ்வேறு வீட்டில் வையுங்கள்.

தளத்தோடு கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டினேன், இந்தச் செலவு மட்டும்தான் முழுக்கப் பயன்பட்ட செலவு. படத்தின் உரிமை உலகம் முழுக்க, காலம் முழுக்க, தங்களுக்கு மட்டும் என்று அவர்கள் எழுதியிருந்ததை, குறித்த சில வருஷம், ஓடிடிக்கு மட்டும் என்று மாற்றச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டு மாற்றினார்கள், கேட்டால் மாற்றுகிறார்கள். விழாக்களிலும் கல்லூரிகளிலும் திரையிடும் உரிமையை எங்களிடமே வைத்துக்கொண்டோம். வந்த பணத்தில் குழந்தையின் பங்கை முதலில் அவள் கணக்கில் போட்டோம், பிறகு கடன். மிஞ்சியது நான் கட்டிய விழாக் கட்டணத்தில் பாதிகூட இல்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது: காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு எழுத்தில் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், அதே விதிகளோடு தானாகவே நீளும். அதற்கு வக்கீல் என் போனையே வாங்கி காலண்டரில் அலாரம் வைத்துக் கொடுத்தார்.